கல்லூரி வாசலில் போர் விமானம்

ஒரகடத்தில் லோடு இறக்க லாரி வரிசையில் நிற்கிறது. எதிரே கல்லூரி வாசலில் பழைய போர் விமானம் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அதனடியில் பெருக்கும் அம்மா என்னைக் கூப்பிடுகிறார்.

"டிரைவரே, பலகைல இன்னா எழுதிக்கீது?"

எல்லையில் பறந்தது, சண்டைக்குப் போனது, கடைசியில் பயிற்சிக்கு ஓடியது என்று வாசிக்கிறேன்.

"ஓட்டுனவங்கல்லாம் திரும்பி வந்தாங்களா? எம்புள்ள ஏர்போர்ஸ்ல சேந்துக்கீறான்."

அதைப் பலகையில் எழுதவில்லை. விமானத்தின் டயரைத் தட்டிப் பார்க்கிறேன்.

"வண்டி முழுசா நிக்குதேம்மா. ஒவ்வொரு தடவையும் நல்லா தரையில எறக்கிட்டுத்தான் போயிருப்பாங்க."

லாரிக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைக் கொடுக்கிறேன். விமானத்தின் முன்சக்கரத்தடியில் வைத்துக் கும்பிடுகிறார்.

"இது இனிமே எங்கேம்மா போவப்போவுது?" என்கிறேன்.

"அவன் போறான்ல" என்கிறார்.