கல்கத்தா செக்கின் வழிச்செலவு

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூரில் நான் வேலை பார்த்த பேங்க் கிளையில், கவுன்டரில் உட்கார்ந்த முதல் பெண் நான்தான். மேனேஜருக்கு அதில் அரை மனசு. "கஸ்டமர் ஒருத்தர் குறை சொன்னாலும் உன்னை உள்ளே தபால் செக்‌ஷனுக்கு மாத்திடுவேன்மா" என்று சொல்லித்தான் நாற்காலியைக் கொடுத்தார். ஸ்டாம்ப் ஒட்டவா நான் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன்?

அந்த வாரமே வந்தார் நாச்சிமுத்து. திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்தவர். நூல் வாங்க எங்களிடம் கடன் எடுத்திருந்தார். ஹாலே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கடிதத்தை என் முன்னால் போட்டார்.

"ஏனுங் அம்மிணி, கடனை முச்சூடும் கட்டிப் போட்டனுங்க. கட்டுன கடனுக்கு வட்டி கேட்டு லெட்டர் வருது. மேனேஜரைக் கூப்புடுங்க."

சத்தம் கேட்டு மேனேஜர் எழுந்து வருவது தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"நானே பாக்கறனுங்க மொதலாளி, உக்காருங்க. எப்படிக் கட்டுனீங்க?"

"பாக்கி எவ்வளவுன்னு இங்கயே கேட்டு, அன்னைக்கே கட்டுனனுங்க. பனியன் வாங்குன கல்கத்தா பார்ட்டி குடுத்த செக்கு, மிச்சத்துக்கு ரொக்கம். ஒரு பைசா கொறையில்லை."

விஷயம் அங்கேதான் இருந்தது. நூல் கடையில் செக்கைக் கையில் கொடுத்தாலே கணக்கு தீர்ந்துவிடும். ஆளை நம்பி நடந்த வியாபாரம் அது. பேங்கில் அப்படி இல்லை. வெளியூர் செக் கலெக்‌ஷனுக்குப் போய், அந்த ஊர் பேங்கில் பணமாகி, எங்கள் கிளைக்கு வந்த பிறகுதான் கடனில் கழியும். அதுவரை தினமும் வட்டி ஏறும். இதை ரூல் என்று சொன்னால் அவர் காதில் ஏறாது. அவருடைய பழைய நிட்டிங் மெஷின் ஒன்று மதுரையில் வாடகைக்கு ஓடுவது எனக்குத் தெரியும்.

"மதுரைக்காரரு உங்க மெஷினைத் திருப்பி அனுப்பறாருன்னு வெச்சுக்குங்க. லாரியில ஏத்திட்டாரு. லாரி வழியில நின்னு ஒரு வாரங் கழிச்சு வருது. எதுவரைக்கும் வாடகை வாங்குவீங்க?"

"அதென்னுங் அம்மிணி, மெஷினு என்ர கம்பெனியில வந்து எறங்கோணுமில்ல? அதுவரைக்கும் வாடகைதான்."

"எங்க பணமும் அப்ப கல்கத்தாவுல இருந்து வர்ற வழியிலதானுங்க இருந்துச்சு."

நாச்சிமுத்து கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். மீசையைத் தடவினார். பிறகு சிரித்துவிட்டு, வட்டியை எண்ணி வைத்தார். பின்னால் நின்ற மேனேஜரிடம், "இத்தனை நாளா இதை ஒருத்தருஞ் சொன்னதில்லீங்க. இந்த அம்மிணியை இங்கயே உட்டு வையுங்க" என்றார்.

மேனேஜர் அறைக்குத் திரும்பினார். நாற்காலி எனக்கே என்று ஆயிற்று. எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

அதன் பிறகு வெளியூர் செக் யார் கொடுத்தாலும், "பணம் வந்து சேர்ற நாள் வரைக்கும் வட்டி ஓடுமுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் அதையே சொன்னார்கள்.

இப்போது, கிரெடிட் கார்டு பில்லை முழுசாகக் கட்டியும் அடுத்த மாதம் வட்டி வந்தது என்று புலம்புகிறவர்களுக்கும் என் பதில் அதுதான். முந்தின பாக்கி நின்றிருந்தால், பில் போட்ட நாளுக்கும் பணம் போய்ச் சேர்ந்த நாளுக்கும் நடுவில் வட்டி ஓடியிருக்கும். கட்டுகிற நாள் வரைக்கும் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள்.

நாச்சிமுத்துவுக்கு அதை இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த கடனை அடைக்க வந்தபோது, கூட்டமில்லாத கவுன்டர்களை விட்டுவிட்டு என் வரிசையில் நின்றார். பாக்கிக்குச் சரியாகக் கல்கத்தா செக்கை வைத்தார். அதன்மேல் கொஞ்சம் ரொக்கமும் வைத்தார்.

"இது எதுக்குங்க?"

"செக்கு கல்கத்தா போய்ட்டு வரோணுமில்லீங் அம்மிணி. வழிச்செலவு."