பூட்டுக்காரர் அடித்த நோட்டீஸ்

என் வீட்டுக்காரருக்குப் பூட்டுத் தொழில். பூட்டு விற்பார், பழுது பார்ப்பார், சாவியைத் தொலைத்தவர்களுக்குக் கதவைத் திறந்து கொடுப்பார். சந்தேகம் மட்டும் அவர் கூடவே பிறந்தது. கல்யாணமான புதிதில் நான் காபி கொடுத்தால், "நீ ஒரு வாய் குடிச்சிட்டுத் தா" என்பார். எரிச்சலாக வரும்.

பெரிய சாலையில் ஒருவன் கண்ணாடி முகப்பு வைத்த பூட்டுக் கடை திறந்து மெஷினில் சாவி வெட்ட ஆரம்பித்ததும், நாங்கள் ஈ ஓட்டினோம். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். விளம்பரம் செய்யலாம் என்று நான் கெஞ்சி, அவரை அச்சகத்துக்கு இழுத்துப் போனேன்.

அச்சகக்காரர் மேசை முழுக்க மாதிரிகளைப் பரப்பினார். இவர் ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஸ்டிக்கர் வேண்டாமாம். "கதவுல ஒட்டினா, உள்ள என்ன பூட்டுன்னு திருடனுக்கு நாமளே சொன்ன மாதிரி." வழவழப்பான கார்டும் வேண்டாமாம். "மினுக்குறவன் ஏமாத்துறவன்." கடைசியில் சாதா நோட்டீஸுக்கு வந்து நின்றார். அச்சகக்காரர், 'உங்கள் நம்பிக்கைக்கு உரியவர்' என்று மேலே ஒரு வரி எழுதினார். இவர் பேனாவைப் பிடுங்கி அதை அடித்துவிட்டார்.

"நம்புங்க நம்புங்கன்னு சொல்றவனைத்தான் நம்பவே கூடாது. என்ன வேலை செய்வோமோ, அதை மட்டும் போடுங்க."

போட்டார்கள், கொட்டை எழுத்தில்: 'எந்தப் பூட்டையும் சாவியில்லாமல் திறப்போம். சத்தம் வராது. இரவிலும் வருவோம்.'

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நாங்கள் வீடு வீடாகப் போய் விநியோகித்தோம். பூட்டு வாங்கக் கூட்டம் அலைமோதியது, கண்ணாடிக் கடையில்! இவர் தெருவில் நடந்தால் ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

எதிர்வீட்டு அக்கா தனியாக இருப்பவர். அவருடைய மாற்றுச் சாவி எப்போதும் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். அவரும் வந்தார்.

"அந்தச் சாவியக் கொஞ்சம் குடுங்க தம்பி. சும்மாதான் கேக்குறேன்."

"என்னக்கா, எங்க மேலயே சந்தேகமா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்ல!"

"உங்க வீட்டைத் திறக்கணும்னா எனக்குச் சாவி எதுக்குக்கா?" என்றார் இவர். சமாதானம் சொல்கிறாராம்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா வெளிறிப்போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் காலை, கண்ணாடிக் கடை ஆள் வந்து அக்கா கதவில் புதுக் கொண்டியும் பூட்டும் மாட்டிவிட்டுப் போனான். இவர் எங்கள் வாசலில் நின்று உற்றுப் பார்த்தார்.

"ஸ்க்ரூ எல்லாம் வெளியே தெரியுற மாதிரி மாட்டியிருக்கான். யார் வேணும்னாலும் கழட்டிடலாம். பாவம், அக்கா. சொல்லிட்டு வந்துடறேன்."

"ஐயோ, வேண்டாங்க! வந்து நோட்டம் பார்த்துட்டுப் போறான்னு சொல்லுவாங்க."

செருப்பில் நுழைத்த காலை வெளியே எடுத்தார். அன்றைக்கு அவர் கடை திறக்கவில்லை. அந்தக் கதவுக்குக் காவலாக எங்கள் வாசலில் நாற்காலி போட்டு, அதையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். தெருவில் போனவர்கள் எல்லாரும் அதையும் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.