பாலாபிஷேகத்தில் தெரிந்த பட்டை

பிளாஸ்மா டி.வி.யில் கேஸ் தீர்ந்துபோகாது, நிரப்பவும் முடியாது. தாராவியில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருப்பவன் என்ற முறையில், இதை மும்பைத் தமிழ் மக்களுக்கு முழுப் பொறுப்புடன் அறிவித்துக்கொள்கிறேன். இதே தொழிலில் இருக்கும் சகோதரர்கள் இந்த இடத்தில் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம்.

அரை கேஸ்

பிளாஸ்மா டி.வி. விற்பனை நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் சுவரிலிருந்து இறக்கப் பலசாலிகள் வேண்டும் என்பதால் பல வீடுகளில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே எண்ணற்ற சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாயு, சுவரில் ஒளிரும் பூச்சு. வாயு எங்கும் போகாது. பூச்சுக்குத்தான் வயசாகும். ஒரே இடத்தில் ஒரே வெளிச்சம் தினமும் நின்றால் அந்த இடம் முதலில் கிழடாகிவிடும். அப்புறம் எந்தச் சேனலைப் போட்டாலும் அந்த உருவம் மங்கலாக நிற்கும். புதுத் தடமென்றால் வெறும் வெள்ளைத் திரையை ஓடவிட்டுப் போக்கலாம். பழையது வடு. டி.வி.யோடுதான் போகும்.

இவ்வளவையும் என் கடைக்கு அடுத்த தோல்பைப் பட்டறை காதர் பாயிடம் விளக்கினேன். அவர் டி.வி.யில் கிரிக்கெட் ஸ்கோர் கட்டம் பதிந்துபோய், செய்தி வாசிக்கிறவரின் முழங்கைக்குக் கீழே தெரிந்தது. கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாப் புரிஞ்சுது அண்ணாச்சி. முழு கேஸ் வேண்டாம், பாதி போடுங்க, சலேகா, அது போதும்."

சந்நிதியில் பட்டை

மாட்டுங்கா வைத்தி மாமா ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்து ரிடையர் ஆனவர். பி.பி. ஏறியதால் டாக்டர், ஷேர் மார்க்கெட் பக்கம் கண்ணைத் திருப்பக்கூடாது என்று சொல்லியிருந்தார்; மாமி அதைச் சட்டமாக்கியிருந்தார். மீறினால் ரிமோட் பறிமுதல். காலையில் மாமி கோயிலுக்கும் அங்கிருந்து பஜனை வகுப்புக்கும் போய்விடுவார். மாமா வீட்டிலேயே கோயில் நேரலை பார்ப்பதாக ஏற்பாடு.

திரையில் கீழே ஒரு பட்டையும் மூலையில் ஒரு முத்திரையும் நின்றுவிட்டன என்று கூப்பிட்டார்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பங்குச்சந்தை சேனல். விலைகள் ஓடிக்கொண்டே இருப்பதால் பதியாது. அவற்றைச் சுமக்கும் பட்டை நகராது, பதிந்துவிடும். மாமி முதுகுக்குப் பின்னாலிருந்து மாமா என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"கீழே எழுத்து ஓடுற சேனலை ரொம்ப நேரம் பார்த்தா இப்படி ஆகும்" என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதைக் கவனிக்கவும். மாமி கொஞ்சம் யோசித்தார். "நான் தினம் நேர்லயே போறேனே. சந்நிதியில கீழ ஒண்ணும் ஓடலையே."

கழுவும் நாள்

மறுநாள் மாமா என் கடைக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நெருளிலிருந்து மகன் வருகிறானாம். அவனுக்கு ஷேர் புரோக்கர் ஆபீஸில் வேலை. அந்த முத்திரையை ஓரக்கண்ணால் பார்த்தாலே போதும், சேனல் பெயரைச் சொல்லிவிடுவான். அதற்குள் அழித்தாக வேண்டும்.

மாமி கோயிலுக்குக் கிளம்பியதும் போய் வெள்ளைத் திரையை ஓடவிட்டேன். வேறு எதுவும் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். மாமா வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்க்கெட் திறக்கும் நேரம் நெருங்க நெருங்க அவர் கால் ஆட ஆரம்பித்தது. கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்ப்பா, அந்தச் சேனலைப் போட்டே இதைக் கழுவ முடியாதா?"

பாதுகாப்பான சேனல்

ஞாயிற்றுக்கிழமை பட்டை மங்கியிருந்தது, போகவில்லை. இருட்டுக் காட்சியில் தெரியாது, வெளிச்சமான வெறும் பரப்பில்தான் காட்டிக்கொடுக்கும். ஆகவே மகன் இருக்கும்வரை கோயில் நேரலையை மட்டும் போடும்படி மாமாவுக்கு ஆலோசனை சொன்னேன். கருவறை இருட்டு, ஒரே ஒரு விளக்கு. அதைவிடப் பாதுகாப்பான சேனல் இந்தியாவில் கிடையாது. மாமி எனக்கும் காபி கொடுத்து உட்காரவைத்தார். மகனும் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

நான் பஞ்சாங்கம் பார்த்திருக்க வேண்டும். அன்று விசேஷம், பாலாபிஷேகம். கேமரா நெருங்கிப் போயிற்று. குடம் குடமாக ஊற்றினார்கள். திரை முழுக்க வெள்ளை வெளேரென்று ஆனது, அந்தப் பாலின்மேல் பட்டையும் முத்திரையும் தெளிவாக வந்து நின்றன. மகன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சேனல் பெயரைச் சொன்னான். மாமா காபியை ஆற்றுவதில் மும்முரமானார். மாமி ரிமோட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "இத்தனை நாளா நீங்க சேவிச்சிண்டிருந்தது இந்தப் பெருமாளைத்தானா?"

வைத்தி மாமா இப்போது காலை நேரத்தை மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் காபி ஓட்டலில் கழிக்கிறார். போன வாரம் அந்த ஓட்டல்காரர், தம்முடைய பழைய டி.வி.யில் கீழே ஒரு பட்டை நின்றுவிட்டதாகவும் உடனே வந்து கேஸ் போட வேண்டும் என்றும் எனக்குப் போன் செய்தார்.