காலில் கட்டிய கயிறு

இது கதையில்லை. நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. போன சித்திரையில், அடையாற்றங்கரையில், பட்டப்பகலில் நடந்தது.

வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய அதிகாரி ஒருவரின் பங்களா அது. பழையபடி புதுப்பிக்கும் வேலை. நானும் என் மனைவியின் ஒரே தம்பி நாகராஜும் சுண்ணாம்பு பூசினோம். அந்தப் பூச்சு சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் படுக்கையறை ஜன்னல்களை பிளாஸ்டிக் போட்டு மூடியிருந்தோம். கரன்ட் கிடையாது. புழுக்கம் ஆளை அவித்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் தூங்க, ஒருவர் சுவரைப் பார்த்துக்கொள்வோம். நாகு வராந்தாவில் படுத்தான். நான் அறைக்குள் இருந்தேன். இடைச்சுவரில் மேலே ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகக் கயிற்றை என் பக்கம் விட்டு, மறுநுனியைத் தன் காலில் கட்டிக்கொண்டான்.

"செவுரு காஞ்சா கயித்த இஸ்து வுடு மாமா. வந்து தண்ணி தெளிக்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் ஜில்லென்று காற்று வந்தது. அப்பாடா என்று கண்ணை மூடினேன். அப்புறம்தான் உறைத்தது. மூடிய அறையில் ஏது காற்று?

கயிறு தானாகப் போனது... வந்தது... தலைக்கு மேல் கிரீச்... கிரீச்... நிமிர்ந்தேன். வெறும் கூரை.

"டேய் நாகு! இன்னா வெளாட்டு?"

குறட்டை மட்டும் கேட்டது.

கயிறு நின்றது.

காற்றும் நின்றது.

என் காதருகே யாரோ எரிச்சலாகப் பெருமூச்சு விட்டார்கள். டக்... டக்... பூட்ஸ் சத்தம் என்னைத் தாண்டி வெளியே போனது.

தொம்!

"ஐயோ... இஸ்க்கறேன் தொரை... இஸ்க்கறேன்..."

நாகுவின் குரல்.

ஓடினேன். வயிற்றைப் பிடித்துச் சுருண்டு கிடந்தான். யாருமில்லை. கட்டிய கால் மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பிடித்து அழுத்தினேன்.

நிற்கவில்லை...

அன்று இரவே போய்விட்டான். மண்ணீரல் கிழிந்திருந்தது, வயிற்றில் பூட்ஸ் தடம். பூட்ஸ் காலால் உதைத்தது யார் என்று போலீஸ் என்னைத்தான் குடைந்தது. நாங்கள் இருவருமே வெறுங்கால். என் மனைவி இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை.

காரியம் முடிந்து மறுபடி அதே வேலைக்குப் போனேன். வேறு வழி? இன்ஜினீயர் ராமானுஜத்திடம் அந்த ஓட்டையைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? பங்கா ஓட்டை. கூரையில பெரிய துணி விசிறி தொங்கும். வெளியில ஒருத்தன் கயித்தைக் கால்ல கட்டிண்டு இழுத்துண்டே இருக்கணும். தூங்கினா துரை வந்து உதைப்பார். மண்ணீரல் கிழிஞ்சு செத்தவாளே உண்டு."

அவர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறப்பு விழாவுக்கு மறுபடி பங்கா மாட்டறோம்ப்பா. இழுக்க ஆள் வேணும். உங்க பக்கத்துப் பசங்க யாராவது இருக்காளா?"