எட்டு கிலோ ஓமும் ஒரு நடு வயரும்

இன்று சனிக்கிழமை, காலை பதினொன்றேகால், மூன்றாவது கடை.

இரண்டு கண்ணாடி வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும் என் புஷ்-புல் ஆம்ப்ளிஃபயருக்கு எட்டு கிலோ ஓம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பொருந்தாததை மாட்டி ஒரு ஜோடி வால்வை எரித்தாயிற்று. மிச்சமிருப்பது கடைசி ஜோடி.

கடைக்கார தாதா (வங்காளத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். "நல்ல கனம். எடுத்துக்கோ."

"தாதா, நான் ஓம் கேட்டேன், எடை கேக்கல."

"அரே, கோவப்படாதே. ஒரு வால்வா, ரெண்டு வால்வா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். குடுங்க."

அங்கேயே சிக்னல் கொடுத்து அளந்தேன். எட்டு கிலோ ஓம், துல்லியமாக. ஜெயித்த மிதப்பில் டாக்குரியாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன்.

மேசையில் கிடந்த சர்க்யூட் படத்தைத் தங்கை பார்த்தாள். "அண்ணா, படத்துல வால்வு பக்கம் மூணு வயர் இருக்கு. இதுல ரெண்டுதானே வருது?"

இரண்டு வால்வுக்கும் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் நடு வயரே இல்லை. வாங்கி வந்தது ஒற்றை வால்வுக்கானது. தாதா கேட்டதும் அதைத்தான்.

இனி:

1. திங்களன்று அதே கடைக்குப் போவேன்.
2. தாதா கேள்வியை முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.
3. "நீயெல்லாம் இன்ஜினியரா?" என்று இந்தப் பதிவின் கமெண்டில் கேட்பவர்களை பிளாக் செய்வேன். தங்கையைத் தவிர. அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.