நாக்கு மாஸ்டருக்கு ஒரு சர்க்கரை

பேக்கரியில் என் மாமாவை நாக்கு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாவுக்குத் தராசு உண்டு, வெண்ணெய்க்குத் தராசு உண்டு. கேக்கின் மேல் பூசுகிற க்ரீமுக்கு மட்டும் மாமாவின் நாக்குதான் தராசு. மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொடித்த சர்க்கரையைக் கையால் அள்ளிப் போடுவார். சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். அப்புறம் இன்னும் ஒரு பிடி, இல்லை அரைப் பிடி. வெயிலானாலும் மழையானாலும், வீட்டில் அத்தையோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும், ருசி ஒன்றேதான். க்ரீமை நக்கிப் பார்த்தே எந்தக் கடைக் கேக் என்று சொல்லிவிடுகிற குழந்தைகள் எங்கள் தெருவில் இருந்தன.

மாமா என் அம்மாவின் தம்பி. பள்ளிக்கூடமும் நானும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒருவரை ஒருவர் விட்டுவிட்ட பிறகு, அம்மா என்னை அவர் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளினாள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. மாமா என்னை மாப்ள என்பார். பெண்ணே இல்லாத வீட்டில் நான் எப்படி மாப்பிள்ளை என்று கேட்டால், "அதனாலதான் உன்னை வெச்சுச் சமாளிக்க முடியுது" என்பார்.

அவர் காலில் வந்த புண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷூ உரசி, கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொப்புளம். அது உடைந்தது, ஆறவில்லை. நாளாக ஆகப் பெரிதாயிற்று. டாக்டர் புண்ணைச் சுற்றி அழுத்தி அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டாராம். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கொஞ்சம்கூட இல்லை என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அது பெருமைப்படுகிற விஷயம் இல்லை என்று அத்தைக்குப் புரிந்தது. ரத்தத்தில் சர்க்கரை தலைக்குமேல் ஏறியிருந்தது. இப்படியே விட்டால் முதலில் விரலை எடுக்க வேண்டும், அப்புறம் பாதத்தை என்றார்கள்.

கேக் மேஜை நின்றுகொண்டு செய்கிற வேலை. விடிந்ததிலிருந்து மதியம் வரை சிமென்ட் தரையில் நிற்க வேண்டும். கால் போனால் அந்த மேஜை போயிற்று. மாமாவுக்கு வேறு எந்தப் பயமும் இருந்ததாகத் தெரியவில்லை. சாவதைப் பற்றிக்கூட அவர் சாதாரணமாகத்தான் பேசினார். மேஜையைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கென்று ஒரு அம்மா இருந்தார். டாக்டரிடம் சொல்லி மாத்திரையைக் குறைத்து, கீட்டோ என்ற முறையில் சாப்பிடச் சொன்னார். சோறு, ரொட்டி, கிழங்கு, பழம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். முட்டை, கறி, கீரை சாப்பிடலாம், வெண்ணெய் தாராளமாக. மாமா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னார்: "வெண்ணெயும் முட்டையும் தின்னு, மாவும் சர்க்கரையும் வேணாங்கறாங்க. கேக்கைப் பாதியா வெட்டி, பாதியை மட்டும் குடுத்த மாதிரி இருக்குடா."

மற்றதையெல்லாம் முனகாமல் விட்டார். டீயில் இனிப்பை மட்டும் அவரால் விட முடியவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஏதாவது போட்டுக்கொள்ளலாம், ஆனால் பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். அத்தைக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரியாது. அப்படித்தான் படிப்பை விட்டவன் எங்கள் வீட்டுக்குப் படிக்கிறவன் ஆனேன்.

முதலில் வாங்கியது சின்னச் சின்னப் பொட்டலம். முன்னால் பெரிய எழுத்தில் சர்க்கரை இல்லை என்று போட்டிருந்தது. குடித்துவிட்டு விரலைக் குத்திப் பார்த்தால் மீட்டரில் எண் ஏறியிருக்கிறது. பொட்டலத்தின் பின்னால் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு பெயர் முதல் ஆளாக நின்றது. அது மாவிலிருந்து எடுக்கிற சரக்கு, உள்ளே போனால் சர்க்கரை மாதிரியேதான் நடந்துகொள்ளும், அளவுக்காகக் கலக்கிறார்கள் என்று அந்த அம்மா விளக்கினார். மீசை ஒட்டிக்கொண்டு வந்த சர்க்கரை என்றார் மாமா.

அடுத்து சர்க்கரைக்குப் பதிலாக மால்ட்டிடால் என்று ஒன்றைப் போட்ட சாக்லேட். அது மீட்டர் எண்ணையும் ஏற்றியது, வயிற்றையும் கலக்கியது. மாமா அன்று பாதி நாள் கழிப்பறையில் இருந்தார். கதவில் ‘மாஸ்டர் பணியில் உள்ளார்’ என்று எழுதி ஒட்டினேன். வெளியே வந்து படித்துவிட்டு, கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஸ்டீவியா இலைப் பொடி வந்தது. "முன்னாடி சிரிச்சிட்டுப் போறப்ப கிள்ளிட்டுப் போவுது" என்று ஒதுக்கினார். எரித்ரிட்டால் என்று ஒரு பொடி, பார்க்க அசல் சர்க்கரை மாதிரியே. நாக்கில் வைத்தால் ஜில்லென்றிருந்தது. எண் ஏறவில்லை. ஆனால் இனிப்பு எட்டி நின்றது. சுக்ரலோஸ் சொட்டு மருந்தும் வாங்கினோம். டீ ஆறிய பிறகும் இனிப்பு நாக்கைவிட்டு இறங்க மாட்டேன் என்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவற்றைத் தனித்தனியாக டீயில் கலந்து, ஒரே மாதிரித் தம்ளர்களில் வரிசையாக வைத்தேன். பாக்கெட்டுகளை ஒளித்துவிட்டேன். ஒரு தம்ளரில் மட்டும் விஷமத்துக்கு எரித்ரிட்டாலையும் ஒரு சிட்டிகை ஸ்டீவியாவையும் சேர்த்துப் போட்டிருந்தேன். மாமா ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தத் தம்ளருக்கு வந்ததும் கண்ணை மூடினார்.

"இதுல ரெண்டு பேர் இருக்காங்க" என்றார். "ஒருத்தன் ஜில்லுனு வர்றான். இன்னொருத்தன் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறான். யாருடா சேர்த்து வெச்சது?"

நான் கூரையைப் பார்த்தேன். அவர் தம்ளரை முழுசாகக் குடித்துவிட்டு, இதுதான் என்றார். என் விஷமம் வீட்டுச் சர்க்கரை ஆகிவிட்டது. அத்தை அதே கலவையை ஒரு பாட்டிலில் போட்டுக் குலுக்கி வைத்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வீடு நன்றாக இருந்தது. எண் இறங்கியது. புண்ணின் ஓரம் வெள்ளையாக மாறி உள்ளே சுருங்க ஆரம்பித்தது. அத்தை தினமும் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு எனக்கும் காட்டுவாள். காட்டுகிற பொருள் அது இல்லைதான், ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். பேக்கரியில் மாமா க்ரீமைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்து, ருசி பார்த்து, ஒரு பழைய மக்கில் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பார். வாய்க்கு வந்தது தொண்டைக்குப் போகவில்லை என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

கேக்குகள் திரும்பி வர ஆரம்பித்தது அப்போதுதான்.

முதலில் ஒரு வாடிக்கையாளர் க்ரீமில் இனிப்பே இல்லை என்று பாதிக் கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்தார். அப்புறம் இன்னொருவர். முதலாளியம்மா மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஜனங்களுக்கு வாய் கெட்டுவிட்டது என்றார் மாமா. வீட்டுக்கு வந்து சர்க்கரை மூட்டையைச் சந்தேகப்பட்டார், வெண்ணெய்க்காரரைச் சந்தேகப்பட்டார், புதிதாக வந்த மெஷின்கூடத் தப்பவில்லை. சந்தேகப்படாமல் விட்டது ஒன்றைத்தான்.

கால் பரிசோதனைக்காக மாமா லீவு போட்ட நாளில் முதலாளியம்மாவே க்ரீம் அடித்தார். எப்போதோ மாமா பக்கத்தில் நின்று அவர் பிடிப் பிடியாகப் போட்டதைப் பார்த்து மனதில் வைத்திருந்த அளவு. அன்று ஒன்றும் திரும்பி வரவில்லை. சாயந்திரம் ஒரு கிண்ணத்தில் மிச்சத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மாஸ்டர் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார், அவ்வளவுதான்.

மாமா சுண்டுவிரலால் தொட்டு வைத்தார். முகத்தைச் சுளித்து உடனே துப்பினார்.

"என்னம்மா இது, சர்க்கரையைக் கொட்டிக் கவுத்திருக்கீங்க. பசை மாதிரி நாக்குல ஒட்டுது. இதை யாரும்மா சாப்பிடுவாங்க?"

முதலாளியம்மா கிண்ணத்தை அத்தை பக்கம் நீட்டினார். அத்தை எடுத்து வாயில் வைத்தாள். வைத்தவள் மாமாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். நானும் ஒரு விரல் எடுத்தேன். எந்தப் பொய்யும் யோசிக்காமலே வாயில் வருகிறவன் நான். அன்று ஒன்றும் வரவில்லை.

"சொல்லுடா" என்றார் மாமா.

"உங்க க்ரீம்தான் மாமா. எப்பவும் நீங்க போடறது."

அவர் மறுபடி எடுத்து வைத்தார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் மூடியிருந்தார். எங்கள் வீட்டில் தேடித் தேடிப் பொறுக்கிய இனிப்பு, மெல்ல வந்து ஜில்லென்று தொட்டுவிட்டுப் போகிற சாது. அதற்கே அந்த நாக்கு பழகிவிட்டது. அசல் சர்க்கரை இப்போது அதற்குத் தடியடி. அரைப் பிடி விழுந்ததுமே போதும் போதும் என்று கத்தியிருக்கிறது. அந்தக் கத்தலை நம்பித்தான் கை நின்றிருக்கிறது.

அடுத்த நாள் முதலாளியம்மா க்ரீம் மேஜைமேல் ஒரு தராசு வைத்தார். மாமா சண்டை போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. அளந்து கொட்டியிருக்கிறார். மெஷின் சுற்றும்போது பழக்கத்தில் சுண்டுவிரல் போயிருக்கிறது. நாக்கு ஐயோ என்றிருக்கிறது. அவ்வளவுதான், மறு கலவைக்கு அளந்து வைத்த சர்க்கரையில் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து மூட்டையில் போட்டுவிட்டார். மறுநாளும் அப்படியே. யாரும் சொல்லிச் செய்யவில்லை, ஏமாற்றவும் இல்லை. முதலாளியம்மா கேட்டதற்கு, "தப்புன்னு நாக்கு சொல்றதை கை எப்படிம்மா வெளிய அனுப்பும்?" என்று அவரையே திருப்பிக் கேட்டாராம்.

டாக்டரிடம் போய், இந்தச் சாப்பாட்டைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டுப் பழைய மாதிரி சர்க்கரை சாப்பிட்டால் நாக்கு திரும்பி வருமா என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். வரலாம் என்றார் டாக்டர். அப்புறம் கட்டைப் பிரித்துப் புண்ணைக் காட்டி, இதுவும் திரும்பி வரும் என்றார். எண்களைப் பார்த்துப் பாராட்டினார். அருமை, இப்படியே ஆயுசுக்கும் இருங்கள் என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் மாமாவின் கழுத்து லேசாக மடிந்ததை நான் பார்த்தேன். டாக்டருக்கு அடுத்த ஆள் காத்திருந்தார்.

நிற்பதற்காகக் காலைக் காப்பாற்றினார். கால் பிழைத்தது. நிற்க இடம் இல்லை.

முதலாளியம்மா நல்லவர். அதுதான் கஷ்டம், திட்டவும் ஆளில்லை. வேலையைவிட்டு அனுப்பவில்லை. முன்பக்கத்தில் அட்டைப் பெட்டி மடிக்கிற மேஜையில் மாமாவுக்கு ஒரு நாற்காலி போட்டார், மெத்தை வைத்தது. காலுக்கு நல்லது மாஸ்டர் என்றார். க்ரீம் மேஜைக்கு அப்பளம் மாதிரி மெலிந்த ஒரு பையன் வந்தான். தராசைப் பார்த்துப் போடுகிறான். ருசி சரியாக இருக்கிறது. ஒரு கேக்கும் திரும்பி வரவில்லை. நான் ஒருநாள் போய் எட்டிப் பார்த்தேன். மாமா பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு எல்லாம் கத்தி மாதிரி நேராக இருந்தது. உள்ளே மெஷின் சத்தம் நின்றபோது அவருடைய சுண்டுவிரல் மட்டும் அட்டையைவிட்டுத் தனியாக எழுந்து நின்றது. அதை அவர் பார்க்கவில்லை.

வீட்டில் பாட்டில் காலியானது. அத்தை எப்போதும் போல, கலவையை அப்படியே வைக்கவா, ஸ்டீவியாவைக் கொஞ்சம் குறைக்கவா என்று கேட்டாள். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் வரும்.

"எதையாவது வாங்கிப் போடு" என்றார் மாமா.

"எதையாவதுன்னா எதைங்க?"

"எதையாவதுன்னா எதையாவதுதான்."

அத்தை என்னைக் கடைக்கு அனுப்பினாள். அலமாரி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். பின்பக்கத்து எழுத்து எனக்கு இப்போது பார்க்காமலே தெரியும். கீழ்த்தட்டில், தூசியோடு, டீயில் போடுகிற சாக்கரின் இனிப்பு மாத்திரை டப்பி ஒன்று கிடந்தது. நாங்கள் வாங்கியதே இல்லை. கடைக்காரர் ஒன்றைக் கொடுத்து வாயில் போட்டுப் பார்க்கச் சொன்னார். தகரத்தைச் சாறு பிழிந்த மாதிரி ஒரு கசப்பு காதுவரை போயிற்று. இதை ஒருமுறை வாங்கியவர்கள் மறுமுறை வருவதில்லை என்றார். மாமாவின் எண்ணை ஏற்றாது, வேறு கெடுதல் இல்லை. அதையே வாங்கினேன்.

அத்தை பார்க்காதபோது அவருடைய டீயில் ஒன்று போதுகிற இடத்தில் மூன்று போட்டேன். கொண்டுபோய் வைத்துவிட்டு, ஓடுவதற்கு வசதியாக வாசலோரம் நின்றுகொண்டேன். கெட்ட வார்த்தை வரட்டும், தம்ளர் பறந்து வரட்டும், எந்தக் கழுதைடா இதைக் கலந்தது என்று தெருவே கேட்கட்டும். அந்த நாக்கு உள்ளே எங்கேயாவது உயிரோடு இருந்தால் இதைச் சும்மா விடாது என்று நினைத்தேன்.

மாமா எடுத்து உறிஞ்சினார். நடுவில் ஒருமுறை நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார். மறுபடி உறிஞ்சினார். அடியில் இருந்தது வரை குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்படி இருக்கு மாமா?"

"சூடா இருக்கு" என்றார்.