வெயிலில் நிறுத்திய வேன்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இரண்டு லாரி வாங்கினேன், வீடு கட்டினேன். நோயில் மெலிந்த என் மனைவி செல்லம்மை கடல்காற்றில் தூங்க ஆசைப்பட்டதால், பழைய வேனில் கட்டில் போட்டேன். ஃபேன் ஓடப் பேட்டரி பார்த்து எடுத்து, கூரையில் சோலார் பேனலைத் திருகி மாட்டினேன்.

முட்டம் கடற்கரையில், சார்ஜ் ஏறட்டும் என்று வெட்டவெளியில் வேனை நிறுத்தினேன். அவள் வியர்வையில் நனைந்துவிட்டாள்.

“வேனைத் தென்னை நிழல்ல போடுங்க. பேனலை மட்டும் இறக்கி வெயில்ல வச்சா போராதா?”

“ஏட்டி, எனக்கே படிப்பிச்சுத் தாறியா?”

அவள் பிறகு வேனில் ஏறவில்லை. அடுத்த மழைக்கு முன் நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது பேனல் வெயிலில் இருக்கிறது, வேன் நிழலில் நிற்கிறது. பார்ப்பவர்கள் என் மூளையைப் புகழ்கிறார்கள். பேனலிலிருந்து வேனுக்கு நீள ஒயர் இழுத்தவன் நான்தான்; அதை யாரும் மறைக்க வேண்டாம். ஆனால் செல்லம்மையின் பெயரை என் பெயருக்கு முன்னால் சொல்லுங்கள்.